தள்ளிவைப்பதா, தூக்கி நிறுத்துவதா?



வருகிற பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வரவிருக்கிறது. குடிப்பழக்கம் உள்ளவர்களைச் சங்க உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். அவர்கள் குடும்பங்களுக்கு அவசர உதவி நிதியிலிருந்து ஒரு காசும் கொடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். கையெழுத்திட்டிருப்பவர்கள் யாரோ எவரோ அல்லர். சங்கத்துக்காக வெயிலிலும் மழையிலும் அலைந்தவர்கள். அவர்களில் தாய்மார்களும் உண்டு. அவர்களுடைய கோபத்தில் பொய் இல்லை. ஆயினும் இந்தத் தீர்மானம் தவறானது, ஆபத்தானது என்று கருதுகிறோம். ஏன் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

பிறரைக் குறை சொல்லுமுன் எங்கள் குற்றத்தை ஒப்புக்கொள்வது முறை.

சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடையே ஓர் அண்ணன் இருந்தார். பெயர் வேண்டாம், பழைய உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும். சிற்றுண்டிக் கடையில் மாஸ்டர். விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பின் முன் நின்றால் பிற்பகல்வரை உட்கார இடமில்லை. மாலையில் உடம்பு வலிக்காகக் குடிக்கத் தொடங்கியவர், பிறகு தூக்கத்துக்காகக் குடித்தார். கடைசியில், காலையில் தோசை மாவை ஊற்றக் கை நடுங்காமல் இருப்பதற்காகக் குடித்தார். அண்ணி இரண்டு பிள்ளைகளோடு எங்களிடம் வந்து அழுதார். நாங்கள் பெரிய நியாயஸ்தர்களைப் போல உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னோம்: "அறையில் போட்டுப் பூட்டுங்கள் அண்ணி. மூன்று நாள் கத்துவார். அப்புறம் தெளிந்துவிடும்." பூட்டை வாங்கிக் கொடுத்ததும் நாங்களே.

முதல் நாள் வேர்த்துக் கொட்டியது, உடம்பெல்லாம் நடுங்கியது. இரண்டாம் நாள் இரவு வலிப்பு வந்தது. மூன்றாம் நாள் சுவரில் எறும்புகள் ஊர்கின்றன என்றார். செத்துப்போன தம் தாயாரோடு பேசினார். அக்கம்பக்கத்தார் பேய் என்றார்கள். மந்திரிக்க ஆள் தேடிய நேரத்தில் மருத்துவமனைக்குப் போயிருக்கலாம். போகும்போது டாக்சியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. மருத்துவர் விவரங்களைக் கேட்டுவிட்டு எங்களிடம் சொன்னது இதுதான்: இவரைக் கொன்றது குடி மட்டுமல்ல, மருந்தின் துணையில்லாமல் ஒரே நாளில் நிறுத்தியதும்தான். முதல் நாளே கொண்டுவந்திருந்தால் காப்பாற்ற வழி இருந்தது.

அறியாமையால் செய்தோம் என்று இன்றைக்குச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அறிந்த பின்னும் அதே அறியாமையைத் தீர்மானமாக எழுதிச் சங்கத்தின் முத்திரை குத்துவதற்கு நாங்கள் உடன்பட மாட்டோம்.

கொழுப்பா, நோயா?

"வேண்டுமென்றே குடிக்கிறான், கொழுப்பு. மனம் வைத்தால் நாளைக்கே விட்டுவிடலாம்" என்பது தீர்மானக்காரர்களின் வாதம். முதல் கிளாஸைப் பொறுத்தவரை இது சரியாக இருக்கலாம். ஆயிரமாவது கிளாஸுக்குப் பொருந்தாது.

மூளையில் ஒரு வேலை நடக்கிறது. பசித்தவன் சோற்றைக் கண்டால், தாய் பிள்ளையைக் கண்டால், மூளை டோபமின் என்னும் பொருளைச் சுரந்து, "இது வேண்டும், இதை மறக்காதே" என்று பதிய வைக்கிறது. சாராயமும் அபினி வகைகளும் இந்த இடத்தைப் பலமாகத் தட்டுகின்றன. திரும்பத் திரும்பத் தட்டினால் மற்றவற்றில் ருசி குறைகிறது. பிள்ளையின் முகம்கூட மங்கலாகத் தெரிகிறது. இன்னொரு பக்கம், சாராயம் நரம்புகளை அமுக்கும் பொருள். நாள்தோறும் அமுக்கப்படும் மூளை, அதைச் சமாளிக்கத் தன்னைத்தானே முடுக்கி வைத்துக்கொள்கிறது. ஒரு நாள் திடீரென்று அமுக்கும் கையை எடுத்துவிட்டால், முடுக்கி வைத்தது கட்டறுத்துக்கொண்டு பாய்கிறது. நடுக்கமும் வலிப்பும் பிதற்றலும் அதனால் வருபவை. கடைசியாகக் குடித்து ஏறத்தாழ ஆறு மணி நேரம் கழித்து நடுக்கம் தொடங்கும்; இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம்; இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள்வரை பிதற்றல் வரலாம். எங்கள் அண்ணனுக்கு நடந்தது எல்லாம் கணக்குப் பிசகாமல் நடந்தது. பேய் அங்கே வரவேயில்லை.

அமெரிக்க மருத்துவச் சங்கம் மிதமிஞ்சிய குடியை நோய் என்று ஏற்றது 1956-இல். நம் நாட்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மதுவாலும் போதைப் பொருளாலும் வரும் மனநிலைக் கோளாறுகளை மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. அரசாங்கச் சட்டம் நோய் என்று சொல்வதைத் தொழிலாளர் சங்கம் கொழுப்பு என்று சொல்வதா?

இதற்கு மறுபக்கமும் உண்டு. நோய் என்றால் சாகும்வரை மாறாத தலையெழுத்து என்று பொருளில்லை. வியட்நாம் போரின்போது அமெரிக்கச் சிப்பாய்களில் பலர் ஹெராயினுக்கு அடிமையானார்கள். அவர்கள் ஊர் திரும்பிய பிறகு லீ ராபின்ஸ் என்ற அம்மையார் 1970-களில் ஆராய்ந்தார். அங்கே அடிமையாயிருந்தவர்களில் மிகச் சிலரே முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானார்கள். போர்க்களத்தின் அச்சமும் சலிப்பும் போயின, மலிவாகக் கிடைத்த பொருள் போயிற்று, வீடும் உறவும் வேலையும் கிடைத்தன. சூழல் மாறியபோது மனிதனும் மாறினான். இதிலிருந்து புலம்பெயர்ந்த நாம் கற்க வேண்டியது நிறைய உண்டு. எட்டுப் பேர் ஒரே அறையில் படுத்து, மொழி தெரியாத ஊரில், பெண்டாட்டி பிள்ளைகளை ஆண்டுக்கொருமுறை பார்க்கும் வாழ்க்கையில், உழைப்பாளிக்கு மலிவாகக் கிடைக்கும் ஒரே ஆறுதல் பாட்டிலாக இருந்தால், குற்றவாளிக் கூண்டில் அவனை மட்டும் நிறுத்துவது எப்படி நியாயம்?

யாருக்கு லாபம்?

குடிப்பவனைத் தள்ளிவைக்கச் சொல்கிறவர்கள், விற்பவனைப் பற்றித் தீர்மானத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை. இதுதான் எங்களை அதிகம் உறுத்துகிறது.

நாம் வாழும் இந்த நகரமே போதை வியாபாரத்தில் கொழுத்த நகரம். 1773-இல் கிழக்கிந்தியக் கும்பினி வங்காள அபினியைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. பாட்னாவிலும் காசியிலும் திரட்டிய அபினிப் பெட்டிகள் கல்கத்தாவில் ஏலம் போயின. இங்கிருந்து கப்பலேறிச் சீனாவுக்குப் போயின. சீனா தடுத்தபோது 1839-இலும் 1856-இலும் போர் தொடுத்து வாங்க வைத்தார்கள். அபினியில் சொக்கிக் கிடந்த சீனக் கூலியை ஒழுக்கம் கெட்டவன் என்று ஏசிய வாய்களும், ஏலப் பணத்தை எண்ணிய கைகளும் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை.

மலாயாவுக்குக் கூலிகளாகப் போன நம் முன்னோர்களின் கதையும் இதுவே. ரப்பர்த் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது. உழைத்து வாங்கிய கூலி, வாங்கிய இடத்திலேயே திரும்பிப் போயிற்று. அந்தத் தொழிலாளர்கள் குடித்தவர்களைத் தள்ளிவைத்தா போராடினார்கள்? 1941-இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடுவதையும் கோரிக்கையாக வைத்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்ப்பலி கொடுத்தார்கள். போர் முடிந்த பின் 1946-47-இல் கெடாவில் தொண்டர் படை என்ற பெயரில் திரண்டு கள்ளுக்கடைகளை மறித்தார்கள். குடித்தவனும் மறியலில் நின்றான். அதுவல்லவா தொழிலாளர் மரபு!

தாய்த் தமிழகத்தில் நடந்தது என்ன? 1937-இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1971-இல் தளர்த்தப்பட்டது. 1974-இல் கடைகள் மூடப்பட்டன. 1981-இல் மறுபடி திறக்கப்பட்டன. 1983-இல் டாஸ்மாக் பிறந்தது. 2003-இல் சில்லறை விற்பனையையும் அரசே எடுத்துக்கொண்டது. 2023-24-ஆம் ஆண்டில் மட்டும் இதன்மூலம் வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். கட்சிகள் மாறின, கல்லா மாறவில்லை.

கல்லாவுக்குக் கட்டுப்படியாகாத ஏழை கள்ளச் சாராயத்துக்குப் போகிறான். 2011 டிசம்பரில் நமக்கு அருகிலேயே, தெற்கு 24 பர்கனாவின் சங்கராம்பூர்ப் பகுதியில், சோலாய்ச் சாராயம் குடித்து ஏறத்தாழ 170 பேர் மாண்டார்கள். கூலிகள், ரிக்‌ஷாக்காரர்கள், தெருவில் கூவி விற்பவர்கள். 2022 ஜூலையில் ஹௌரா, குசுரியில் மறுபடி சாவு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 65-க்கும் மேற்பட்டோர் போனார்கள். சங்கராம்பூரிலும் கள்ளக்குறிச்சியிலும் கொன்றது மெத்தனால். அது உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்ணைக் குருடாக்கி உயிரைக் குடிக்கும். குடித்துப் பல மணி நேரம் கழித்தே அறிகுறி தெரியும். ஆகவே சந்தேகச் சாராயம் குடித்தவனுக்குக் கண் மங்கினாலோ, வயிறு வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, தூங்கினால் சரியாகிவிடும் என்று விடாமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்குங்கள். மாற்று மருந்து உண்டு, நேரம்தான் கிடையாது.

நம் வேலையிடங்களையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இரவு லோடு இறக்கினால் கூடுதல் கூலிக்குப் பதில் ஒரு குவார்ட்டர் பாட்டிலைக் கையில் திணிக்கும் மேஸ்திரிகள் இருக்கிறார்கள். நம் ஆட்களே மேஸ்திரிகள். அவர்கள் சங்கத்துக்கு நன்கொடையும் தருகிறார்கள், விழா மேடையில் மாலையும் வாங்குகிறார்கள். அவர்களை நீக்கத் தீர்மானம் எங்கே? விழா முடிந்த இரவில் மேடைக்குப் பின்னால் பாட்டில் உடைபடுவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். அங்கே குடிப்பவர் பெரிய மனிதர். காலையில் கை நடுங்க நிற்பவன் குடிகாரன். என்ன நீதி இது!

பூட்டும் சங்கிலியும் பொடியும்

ஊரில் உள்ள வைத்தியங்கள் மூன்று வகை. மூன்றையும் எச்சரிக்கிறோம்.

முதலாவது பூட்டு. அதன் பலனை மேலே சொன்னோம்.

இரண்டாவது சங்கிலி. மறுவாழ்வு மையம் என்று பலகை மாட்டிக்கொண்டு, நள்ளிரவில் வண்டியில் ஆளைத் தூக்கிப் போய், அடித்து, பட்டினி போட்டு, மாதக் கணக்கில் பணம் கறக்கும் இடங்கள் உண்டு. நம் உறுப்பினர் ஒருவரின் மகன் அப்படி ஓரிடத்திலிருந்து முதுகில் தழும்போடு வந்தான். வந்த வாரமே மறுபடி போதையில் விழுந்தான். 2001 ஆகஸ்ட் 6-இல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகினார்கள். அதை மறக்கலாமா? நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017 சட்டம் தடை செய்கிறது. எந்த மையமானாலும் முதலில் கேளுங்கள்: பதிவு உண்டா? மருத்துவர் உண்டா? குடும்பத்தார் வந்து பார்க்கலாமா? பதில் மழுப்பலாக வந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

மூன்றாவது பொடி. "கணவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுங்கள்" என்று விளம்பரம் வருகிறது. தாய்மார்களே, இந்த வேலை வேண்டாம். டைசல்பிரம் என்றொரு மருந்து உண்டு. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் பரிசோதித்து, நோயாளியிடம் விளக்கி, அவர் சம்மதித்துச் சாப்பிட வேண்டிய மருந்து அது. பெயர் தெரியாத பொடியில் என்ன இருக்கிறது என்று யார் கண்டார்கள்?

மீட்சி எப்படி வருகிறது?

முதல் கட்டம் உடம்பைத் தெளிய வைப்பது. நாள்தோறும் அதிகம் குடித்தவருக்கு, முன்பு வலிப்பு வந்தவருக்கு, காலையில் குடித்தால்தான் கை நிற்கும் என்பவருக்கு, இது மருத்துவர் கண்காணிப்பில்தான் நடக்க வேண்டும். டயசெபம் போன்ற மருந்தைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். மூளை கெடாமலிருக்கத் தயமின் என்ற வைட்டமின் கொடுப்பார்கள். பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் முடிந்துவிடும்.

இத்தோடு குணமாகிவிட்டது என்று நினைத்து நாம் ஏமாறுகிறோம். உண்மையான வேலை இனிமேல்தான் தொடங்குகிறது. தூக்கமும் மனநிலையும் சரியாக வாரங்கள், மாதங்கள் ஆகும். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கும் மறுபடி கடை வாசலுக்கு இழுக்கும். சம்பள நாள் இழுக்கும், பழைய நண்பன் இழுக்கும், ஊரிலிருந்து வரும் சாவுச் செய்தி இழுக்கும். இவற்றை முன்கூட்டியே கண்டுகொண்டு மாற்று வழி வைத்துக்கொள்வதே சிகிச்சை. வேட்கையைத் தணிக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் உண்டு. 1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணையாகத் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் நம் நாட்டிலும் நடக்கின்றன, கட்டணம் கிடையாது.

மீண்டவர் மறுபடி விழுவதும் உண்டு. இரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா நோயாளிகள் எவ்வளவு பேர் மருந்தை விட்டு மறுபடி படுக்கிறார்களோ, ஏறத்தாழ அவ்வளவு பேர் இதிலும் விழுகிறார்கள். கொதிப்பு ஏறியவனை நாம் வீட்டை விட்டுத் துரத்துவதில்லை. மறுபடி மருத்துவரிடம் அழைத்துப் போகிறோம்.

நம் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1980-களில் இந்நகரத்துக்குள் நுழைந்த பிரவுன் சுகர் இன்னும் போகவில்லை. இருமல் மருந்தும் மாத்திரையும் சேர்ந்துகொண்டன. இவ்வகைப் போதையை நிறுத்தியபின் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். மாதக் கணக்கில் நிறுத்தியவன் பழைய அளவையே ஒருமுறை எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். அதனால்தான் நாவுக்கடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின் போன்ற மருந்தை மருத்துவர்கள் நீண்ட நாள் கொடுக்கிறார்கள். "ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்று கேட்டு இதை நிறுத்திவிடாதீர்கள். போலீசுக்குப் பயந்து பிள்ளையை மறைக்கவும் வேண்டாம். 1985-ஆம் ஆண்டு போதைப் பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ, பயன்படுத்தியதற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட அடிமையானவர் தாமே முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து பாதுகாப்பு அளிக்கிறது.

அடிபட்டவள் கேட்கும் கேள்வி

"நோய் நோய் என்கிறீர்களே, அடிவாங்கியவள் நான். தாலியை அடகு வைத்தவள் நான். எனக்கு என்ன பதில்?" என்று தீர்மானத்தில் கையெழுத்திட்ட ஓர் அக்கா எங்களை நேருக்கு நேர் கேட்டார். அந்தக் கேள்விக்கு முன் நாங்கள் தலைகுனிகிறோம்.

எங்கள் பதில் இது. குடி நோயாக இருக்கலாம். பெண்ணை அடிப்பது குற்றம். ஒன்றைக் காட்டி மற்றதை மன்னிக்கச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உங்களுக்காக இருக்கிறது. அதைப் பயன்படுத்தச் சங்கம் துணை நிற்க வேண்டும். பொறுத்துப்போ என்று எந்தப் பெரியவரும் உங்களிடம் சொல்லக் கூடாது. பிரிந்து வாழ நினைத்தால் அதுவும் உங்கள் உரிமை. ஆனால் அக்கா, இந்தத் தீர்மானம் நிறைவேறினால் உதவி நிதி நிறுத்தப்படுவது யாருக்கு? அவருக்கா? அவர் எப்படியும் கடன் வாங்கிக் குடிப்பார். பள்ளிக் கட்டணம் கட்ட வழியில்லாமல் நிற்பது உங்கள் பிள்ளை. அவர் செய்த தப்புக்கு உங்களுக்கு இரண்டாம் முறை தண்டனை!

இன்னொன்றும் நடக்கும். நீக்கிவிடுவார்கள் என்று பயந்து குடும்பங்கள் மறைக்கத் தொடங்கும். மறைத்தால் பூட்டு வரும், பொடி வரும், கடைசியில் டாக்சி வரும். இப்போதே நிலைமை என்ன? 2019-இல் வெளியான மத்திய அரசின் கணக்கெடுப்பின்படி நாட்டில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சையை எட்டியிருக்கிறார். மீதி 37 பேரை வெட்கமும் வறுமையும் தடுக்கின்றன. அந்த வெட்கத்தை வளர்ப்பதா நம் வேலை?

சென்னையில் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார், மற்றப் பெண்களுக்கு அந்தக் கதி வரக் கூடாதென்று 1980-இல் டி.டி.கே. மருத்துவமனைப் பணியைத் தொடங்கினார். குடிநோயாளியோடு அவர் மனைவிக்கும் அங்கே ஆலோசனை உண்டு. இழந்தவரே தூக்கி நிறுத்த முன்வந்தார். நாம் தள்ளிவிடப் போகிறோமா?

எங்கள் மாற்றுத் தீர்மானம்

எதிர்ப்பதோடு நிற்காமல் மாற்று வைக்கிறோம்.

ஒன்று: மருத்துவமனைக்குத் துணைவர் குழு. வங்காளியில் கேட்ட கேள்விக்குத் தலையாட்டிவிட்டு வந்த நம் ஆட்கள் எத்தனை பேர்! எவ்வளவு குடித்தார், எப்போது நிறுத்தினார், முன்பு வலிப்பு வந்ததா என்பதை மருத்துவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னாலே ஓர் உயிர் பிழைக்கும்.

இரண்டு: உதவி நிதி நிற்கக் கூடாது. குடிநோயாளியின் குடும்பத்துக்குரிய பணம் மனைவியின் அல்லது தாயின் கையில், அவர் கணக்கில் போக வேண்டும்.

மூன்று: ஞாயிறு மாலையில் சங்க அறை மீண்டவர்களுக்கும் மீள விரும்புகிறவர்களுக்கும் திறந்திருக்க வேண்டும். தமிழில் மனம் விட்டுப் பேச ஓரிடம் வேண்டும். அங்கே பேசியது வெளியே போகக் கூடாது.

நான்கு: சங்க விழாக்களில், மேடைக்கு முன்னாலும் பின்னாலும், மது கூடாது. கூலிக்குப் பதில் பாட்டில் கொடுக்கும் மேஸ்திரியிடம் நன்கொடை வாங்கக் கூடாது.

ஐந்து: அறிவிப்புப் பலகையில் இரண்டு எண்கள் எழுதப்பட வேண்டும். போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446. மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416. இதில் தமிழிலும் பேசலாம்.

தோழர்களே! அந்த அண்ணனின் மூத்த மகன் இப்போது நம் சங்கத்தில் உறுப்பினன். பொதுக்குழுவுக்கு அவனும் வருவான். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு, "உன் அப்பாவைப் போன்றவர்களுக்கு இங்கே இடமில்லை" என்று கை தூக்க யாருக்கு மனம் வரும்? எங்களுக்கு வராது. அன்று நாங்கள் வாங்கிக் கொடுத்த பூட்டின் சாவி அண்ணியிடமிருந்து திரும்பி வந்து சங்க அலமாரியில் இன்றும் கிடக்கிறது. அடுத்து ஒரு தங்கை வந்து அழுதால், அவள் கையில் மறுபடி ஒரு பூட்டைக் கொடுக்கப்போகிறோமா, அல்லது அவளோடு மருத்துவமனைவரை நடக்கப்போகிறோமா என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும்.

நீக்கல் தீர்மானத்தைத் தோற்கடிப்போம்! மாற்றுத் தீர்மானத்துக்குக் கை உயர்த்துவோம்!